183 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கிளம்பும் மூன்று விமானங்களின் பயண நேரத்தை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். யாழ்ப்பாணத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 183 கிலோமீட்டர். சென்னைக்குச் சுமார் 290. கொழும்புக்கு, அதாவது கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு, ஏறக்குறைய 415. மூன்றுக்கும் கால அட்டவணை சொல்லும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒரு மணி நேரம், ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே. கொழும்புக்குப் போவது ஜெட், அதனால் வேகம் கூடுதல் என்று சொல்லிவிடலாம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன சொல்வது? இரண்டிலும் ஏடிஆர் 72 என்ற அதே புரொப்பெல்லர் விமானம் பறக்கிறது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வித்தியாசம் அட்டவணைக்குள் போனதும் கரைந்துவிடுகிறது. ஊருக்கு ஊர் தூரம் கேட்டு, அதை வேகத்தால் வகுத்து, நேரம் கணக்கிடுவது நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஏறிய பழக்கம். குறுந்தூர விமானப் பயணத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. அங்கே நேரத்தைத் தீர்மானிப்பது வானம் அல்ல, தரை. இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் விமான சேவைக்காகக் கேட்கிற பல கோரிக்கைகளும் குறி தவறிப் போகின்றன என்பது என் எண்ணம்.

வரைபடத்தில் திருச்சியையும் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு புதுக்கோட்டைக்கு வடகிழக்கே ஒதுங்கி, பட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே இறங்கி, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் கடலைத் தொடும். அதுவரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து பாக் நீரிணையின் மேல் இன்னொரு 90 கிலோமீட்டர் போனால் காங்கேசன்துறைக் கரை. பாதி வழி தென்னந்தோப்பும் வயலும், பாதி வழி கலங்கிய ஆழமற்ற கடல். நடுவே கண்ணுக்குத் தெரியாத இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று 1974-ல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட கடல் எல்லை. மற்றொன்று சென்னை வான்வெளிக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு விமானம் கைமாறும் இடம். ஏடிஆர் நல்ல உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும். 183-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். அட்டவணை கேட்பது 60. மீதி 38 நிமிடம் எங்கே போகிறது?

விமானத்தின் பயண நேரம் சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது ஆரம்பிப்பதில்லை. நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததும் ஆரம்பித்து, போய்ச் சேருமிடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போதுதான் முடிகிறது. அதற்குள் எஞ்சினை முடுக்க வேண்டும், ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போக வேண்டும், உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றை எதிர்த்து மேற்கு நோக்கித்தான் எழும்ப வேண்டும். போக வேண்டிய யாழ்ப்பாணமோ தென்கிழக்கே இருக்கிறது. முதலில் முதுகைக் காட்டி விலகிப் போய், அரைவட்டம் அடித்துத் திரும்பினால்தான் வழிக்கு வரும். மறுமுனையில் பலாலி ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காக அமைந்தது. அதே காற்றில் அங்கே தென்மேற்கு முகமாக இறங்க வேண்டும் என்பதால், வடமேற்கிலிருந்து வரும் விமானம் நிலையத்தைத் தாண்டி வடகிழக்கே கடலுக்கு மேல் போய், வளைந்து, ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கும். ஜன்னலோர இருக்கைக்காரர் யாழ்ப்பாணக் கரையை இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். விமானி ஊரைச் சுற்றிக் காட்டுவதாக நினைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விமானம் தன் முழு வேகத்தில் போவது உயரத்துக்கு ஏறிய பிறகுதான். ஏறும்போது வேகம் குறைவு, இறங்கி வரும்போதும் குறைவு. இறங்குவதற்கு விமானிகள் கையாளும் எளிய கணக்கு, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 15,000 அடியில் பறப்பதாக வைத்துக்கொண்டால் 45 கடல் மைலுக்கு முன்னதாகவே இறங்கத் தொடங்க வேண்டும். அது 83 கிலோமீட்டர். மொத்தப் பயணமே 183 எனும்போது, அதில் கிட்டத்தட்டப் பாதி இறக்கத்துக்குப் போய்விடுகிறது. ஏற்றத்துக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். ஆக, மட்டமாகப் பறக்கும் நேரம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில நிமிடங்களே. பட்டுக்கோட்டையைத் தாண்டி நிமிர்ந்த விமானம் கடலின் விளிம்பைப் பார்த்த கொஞ்ச நேரத்திலேயே மூக்கைத் தாழ்த்திவிடும். இதே தடத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட்டைக் கொண்டுவந்து விட்டாலும் மிச்சமாவது ஐந்தாறு நிமிடத்தைத் தாண்டாது. அந்த வேகத்தை எட்டுவதற்குள் ஊர் வந்துவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். விமான நிறுவனங்கள் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிப் போடுகின்றன, தாமதமாக வந்தாலும் ‘சரியான நேரத்துக்கு வந்தது’ என்று பெயர் வாங்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதக் கணக்கில் சேராது என்பது விமானத் துறையின் பொதுவழக்கம். அட்டவணையில் பத்து நிமிடம் தாராளமாக வைத்துவிட்டால் நல்ல பெயர் எளிதாகக் கிடைக்கும். ஆனால் இது ஏமாற்று என்று முடிவுகட்ட எனக்கு மனமில்லை. மழைமேகம் சூழ்ந்த நவம்பர் மாதத்து மாலையையும் காற்றில்லாத பிப்ரவரிக் காலையையும் ஒரே எண்ணில் அடக்க வேண்டிய கட்டாயம் அட்டவணை போடுகிறவருக்கு உண்டு. நாற்பது நிமிடம் என்று போட்டுவிட்டு அறுபதில் வந்து சேர்வதைவிட, அறுபது என்று போட்டு ஐம்பதில் இறக்கிவிடுவது பயணிக்கு உபகாரம். அட்டவணை நேரம் ஒரு வாக்குறுதியே தவிர அளவீடு அல்ல. தூரத்தை அளக்க அதைப் பயன்படுத்துவது நம் பிழை.

அந்த எண் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இப்போது இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால் குழப்பமில்லை. 1996-ல் இலங்கை தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் திருச்சியிலிருந்து கொழும்பு போனவருக்குப் பயணம் ஒன்றரை மணி நேரம் போலவும், திரும்பி வந்தவருக்கு அரை மணி நேரம் போலவும் டிக்கெட் காட்டியிருக்கும். அதே காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரே தீவில் இரண்டு கடிகாரம்!

சரி, அட்டவணையின் ஒரு மணி நேரத்தையும் விட்டுவிட்டு, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போடலாம். திருச்சி நகரத்துக்குள் இருப்பவர் புதுக்கோட்டைச் சாலையில் உள்ள விமான நிலையத்துக்கு வர அரை மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது வந்துவிட வேண்டும். மூன்று மணி நேரம் என்று சொல்பவர்களும் உண்டு. பெட்டியைப் போட்டு, குடியகல்வு முத்திரை வாங்கி, சோதனை முடித்து உட்கார வேண்டும். இங்கே ஒரு விசித்திரம். சிங்கப்பூருக்குப் போகிறவரும் கோலாலம்பூருக்குப் போகிறவரும் யாழ்ப்பாணத்துக்குப் போகிறவரும் நிற்பது அதே குடியகல்வு வரிசையில்தான். சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பறப்பு. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் காத்திருப்பது பொறுத்துக்கொள்ளக்கூடியதே. அரை மணி நேரமே ஆகாயத்தில் இருக்கப் போகிறவரும் அதே இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். பிறகு அட்டவணையின் ஒரு மணி. இறங்கியதும் குடிவரவு, பெட்டி, சுங்கம் என்று முக்கால் மணி. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் சுமார் 16 கிலோமீட்டர், அதற்கு அரை மணி. கூட்டினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 183 கிலோமீட்டரை ஐந்தால் வகுத்தால் மணிக்கு 37 கிலோமீட்டர் வருகிறது. திருச்சியிலிருந்து மணப்பாறைக்குப் போகும் பஸ் இதைவிட மெதுவாகப் போவதில்லை.

இந்த எண்ணைக் காட்டி விமானம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கப்பலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய பயணிகள் கப்பல் கடலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் நாலு மணி. விமானத்தின் ஒரு மணியோடு இதை ஒப்பிட்டு, நாலு மடங்கு வேகம் என்று பேசுகிறார்கள். திருச்சிக்காரர் கப்பலைப் பிடிக்க முதலில் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகை போக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். துறைமுகத்திலும் முன்கூட்டியே இருக்க வேண்டும், மறுகரையிலும் முத்திரையும் சுங்கமும் உண்டு. மொத்தம் பத்து மணி நேரத்தை நெருங்கும். நாலு மடங்கு என்ற பேச்சு இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. இப்போது வேதாரண்யத்துக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாகை பக்கத்து ஊர், திருச்சி அரைநாள் அலைச்சல். அவர் விமானத்தில் போனாலும் கப்பலில் போனாலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் யாழ்ப்பாணத்தில் சாப்பிட உட்காருவார். இத்தனைக்கும் அவர் ஊருக்குப் பக்கத்திலுள்ள கோடியக்கரையிலிருந்து பலாலி அறுபது கிலோமீட்டர் தொலைவுதான். பிரயாணம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் ‘எது வேகம்’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கொழும்பு வழியோடு ஒப்பிடும்போதுதான் இந்த விமானத்தின் உண்மையான லாபம் தெரிகிறது. நேரடி விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வர விரும்பியவர் இரவு பஸ்ஸோ ரயிலோ பிடித்து ஏழெட்டு மணி நேரம் தெற்கே போய், கட்டுநாயக்காவில் மூன்று மணி நேரம் காத்திருந்து, ஒரு மணி நேரம் வடக்கே பறந்து வர வேண்டியிருந்தது. பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. அது ஐந்தாகக் குறைந்திருக்கிறது. மிச்சமான எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட வானத்தில் மிச்சமானதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கொழும்பு விமானமும் ஒரு மணி நேரம், யாழ்ப்பாண விமானமும் ஒரு மணி நேரம். மிச்சமானது முழுக்க முழுக்க யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ-9 சாலையிலும் ரயில் பெட்டியிலும் கழிந்த நேரம். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வரலாறும் அதையே சொல்கிறது. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு அனுப்பியபோது நடுவில் இறங்கிய இடம் இந்தப் பலாலிதான். அந்த டகோட்டா விமானம் மணிக்கு 300 கிலோமீட்டருக்குள் பறக்கக்கூடியது. பலாலியிலிருந்து சென்னை 350 கிலோமீட்டர் என்பதால் ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. இன்றைய ஏடிஆரின் அட்டவணையும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான் சொல்கிறது. முக்கால் நூற்றாண்டில் விமானத்தின் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. பயணியின் நேரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடையில் போர் வந்தது. 1990-ல் பலாலியைச் சுற்றியிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது, இந்தியாவுக்கான வழி அடைபட்டுக் கிடந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கும் திருச்சிக்கும் தூரம் என்ன என்று கேட்டிருந்தால், படகேறி வந்து திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு முகாமில் தங்கவைக்கப்பட்டவர்கள் கிலோமீட்டரில் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. சில மாதங்களிலேயே கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் 183 கிலோமீட்டர் ஒரு மீட்டர்கூடக் கூடவோ குறையவோ இல்லை.

தரைநேரம் குறைந்தால் எவ்வளவு சின்னத் தூரமும் பறக்கத் தகுந்ததாகிவிடும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு ஒரு விமானம் போகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர், அட்டவணையில் 2 நிமிடம். உலகத்தின் மிகக் குறுகிய விமானச் சேவை அதுதான். எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். பெரிய முனையமும் நீண்ட வரிசையும் அங்கே கிடையாது. நாடு விட்டு நாடு போகும் திருச்சி விமானத்தில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது, முத்திரையும் சோதனையும் இருந்தே தீரும் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுபது எண்பது பேர் கொண்ட ஒரே விமானத்தின் பயணிகளுக்குத் தனிக் கவுன்ட்டர் வைத்து, சிங்கப்பூர் வரிசையிலிருந்து பிரித்துவிடுவது பெரிய காரியமல்ல. 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த திருச்சியின் புதிய முனையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

காத்திருப்பில் பெரும்பங்கு விமான நிலையத்துக்குள் நடப்பதில்லை, அடுத்த விமானம் வரும் வரை வீட்டில் நடக்கிறது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளொன்றுக்கு ஒரு விமானம் என்றால், அது போன பிறகு பிற்பகலில் துக்கச் செய்தி கேட்டவருக்கு யாழ்ப்பாணம் ஒரு நாள் தள்ளி இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கத் திருச்சி வருபவர் இரண்டு இரவு அறை எடுக்க வேண்டியிருக்கிறது. திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே விமானத்துக்குப் போட்டியாக ரயில் நிற்பதும் இதனால்தான். வந்தே பாரத் சுமார் நாலு மணி நேரத்தில் எழும்பூர் போய்ச் சேர்கிறது. வாசலிலிருந்து வாசல் வரை பார்த்தால் விமானமும் அதே அளவுதான். ரயிலின் சாமர்த்தியம் அதன் வேகத்தில் மட்டும் இல்லை, ஒன்றை விட்டால் இன்னொன்று வந்துகொண்டே இருக்கிறது.

பலாலியில் ஓடுபாதையை நீட்டி, ஏர்பஸ் இறங்கும்படி செய்ய வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக இருக்கிறது. அதற்கு நியாயங்கள் உண்டு. சரக்கு போகும், கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊர் வருகிறவர்களுக்கு வழி பிறக்கும். ஆனால் திருச்சிப் பயணியின் நேரத்தை அது குறைக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். 180 பேர் அமரும் ஜெட் வந்தால், இருக்கையை நிரப்ப வாரத்துக்கு மூன்று நாள்தான் விடுவார்கள். பறக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் மிச்சமாகி, காத்திருப்பில் ஒரு நாள் கூடும். எழுபது பேர் விமானத்தையே தினம் இரண்டு தடவை நிரப்ப ஆள் இருக்கிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு தடவை மட்டும் போகும் விமானத்தின் பயணிகளை எண்ணி அதற்குப் பதில் சொல்ல முடியாது. காலையில் போய் மாலையில் திரும்ப வழியிருந்தால் மட்டுமே கிளம்பக்கூடிய வியாபாரிகளும் நோயாளிகளும் அந்த எண்ணிக்கையில் இன்னும் சேரவே இல்லை. ஆகவே இரு கரையிலும் மனு எழுதுகிறவர்களுக்கும், அதைக் கையில் வாங்கிக்கொள்ளும் எம்.பி.க்களுக்கும் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: ஓடுபாதையின் நீளத்தை மூன்றாவது கோரிக்கையாக வையுங்கள். முதலாவதாகக் காலையில் ஒரு விமானமும் மாலையில் ஒரு விமானமும் கேளுங்கள். இரண்டாவதாக, திருச்சியிலும் பலாலியிலும் இந்தப் பயணிகளுக்கென்று தனி வரிசை கேளுங்கள்.